தினமும் ஒரே அளவு

கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏழு வருஷம் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். 2005இல் நான் சேர்ந்தபோது அந்தப் பிரிவு என்பது நான் ஒருவன்தான். மாடிப்படிக்குக் கீழே பழைய ஸ்ட்ரெச்சர்கள் கிடந்த அறையைக் காலிசெய்து, ஏசி போட்டு, கதவில் ‘ஐ.டி. மேனேஜர்’ என்று ஒரு பலகை மாட்டிக் கொடுத்தார்கள். மேய்க்க ஆளே இல்லாத மேனேஜர் என்று லேபில் இருந்தவர்கள் கேலி செய்வார்கள்.

ஆஸ்பத்திரியை நடத்தியவர் எலும்பு மருத்துவர். எல்லோரும் அவரைப் பெரிய டாக்டர் என்போம். முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“மிஷினப் பத்தி நீங்க எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். ஒரு பேஷண்ட் வந்து நின்னா, போன வாட்டி அவருக்கு என்ன பண்ணோம்னு ஒரு நிமிஷத்துல எனக்குத் தெரியணும். அவ்ளோதான் உங்க வேல.”

கேட்க எளிதாக இருந்தது. செய்யத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, வேலையில் பாதிக்கு மேல் மெஷினிலேயே இல்லை என்று. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையிலிருந்து வருகிறவர்களில் ஒரே பெயரில் இருபது பேர் இருப்பார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து வருகிற பெண்கள் கணவர் பெயருக்குப் பதில் துபாயில் இருக்கும் மகன் பெயரைச் சொல்வார்கள். வயது கேட்டால், நீங்களே பாத்துப் போட்டுக்குங்க என்பார்கள். கவுண்ட்டரில் உட்காரும் பெண்களுக்கு மவுஸைத் தொடவே பயம். டாக்டர்களுக்கோ ஒரு வரி டைப் செய்யப் பொறுமை கிடையாது. இத்தனை பேருக்கும் நடுவில் நின்று, ஒவ்வொருவர் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்டு, அதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றுவதுதான் என் வேலை என்று புரிந்துகொண்டேன். எனக்கு நன்றாகக் கேட்கத் தெரியும் என்றும் நம்பினேன்.

அடுத்த வருஷம் எனக்கு ஓர் உதவியாள் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். நேர்முகத்துக்கு வந்தவர்களில் அவளும் ஒருத்தி. துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்துப் பெண். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அவள் நீட்டிய ஃபைலில் எல்லாச் சான்றிதழ்களிலும் ‘டூப்ளிகேட்’ என்று முத்திரை இருந்தது.

“ஒரிஜினல் எங்கம்மா?”

“சுனாமில வீட்டோட போயிடுச்சு சார்.”

ஆறு மாதம் அலைந்து ஒவ்வொன்றாக வாங்கியிருக்கிறாள். இப்போது ஒவ்வொன்றிலும் மூன்று பிரதிகள் வைத்திருப்பதாகச் சொன்னாள். ஒன்று வீட்டில், ஒன்று சிதம்பரத்தில் அத்தை வீட்டில், ஒன்று கல்லூரியில் பாடம் எடுத்த மேடத்திடம். அந்த ஒரு பதிலுக்காகவே அவளை எடுத்துக்கொண்டேன்.

வேலையில் சேர்ந்த அன்று அவளுடைய அப்பாவும் கூட வந்தார். முன்பு கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர், அப்போது ஃபைபர் போட்டில் பிடிக்கிற மீனில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். உப்பில் வெளுத்துப்போன புருவம். அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் ஏசிக் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

“நாள் முழுக்க இந்தக் குளுர்லயா சார் ஒக்காந்திருக்கணும் புள்ள?”

“மிஷினுக்குத்தாங்க குளிர் வேணும். அவங்க ஸ்வெட்டர் போட்டுக்கலாம்.”

கிளம்பும்போது மகளைப் பார்த்துச் சொன்னார்: “சார் சொல்றதக் கேட்டு நட. சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அவள் வேலையில் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரு பிரிண்டர் நின்றுபோனால் நான் தட்டிப் பார்ப்பேன். அவள் ஏன் நின்றது என்று பார்ப்பாள். கடல் காற்றில் வயர் முனைகள் பச்சை பூத்துப்போவதைக் கண்டுபிடித்து, மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் கழற்றித் துடைக்கத் தொடங்கியது அவள்தான். அதற்குப் பிறகு கவுண்ட்டர்களில் கம்ப்யூட்டர் அணைந்து போவது நின்றது. பெரிய டாக்டர் என்னைப் பாராட்டினார். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

அவளுக்கென்று ஒரு தினசரி வேலை இருந்தது. ஆஸ்பத்திரியின் எல்லாப் பதிவுகளும் சர்வர் என்கிற ஒரே பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டி கெட்டுப்போனால் என்ன செய்வது? அதற்காக அதில் உள்ளதைத் தினமும் ஒரு டேப்பில் நகல் எடுப்போம். பேக்கப் என்று சொல்வது அதைத்தான். எதை, எங்கிருந்து நகல் எடுக்க வேண்டும் என்று சர்வரில் நான் எழுதி வைத்திருந்தேன். அதைத் திறக்கும் கடவுச்சொல் என்னிடம் மட்டும் இருந்தது. காலையில் வந்ததும் அவள் டேப்பை மாற்றுவாள். நகல் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்த்து, ஒரு நீள நோட்டில் தேதி போட்டு எழுதுவாள். பழைய டேப்பையும் நோட்டையும் நிர்வாக அறையின் இரும்பு அலமாரியில் கொண்டுபோய் வைப்பாள்.

2008 ஜூலையில் சர்வரில் இடம் போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் வந்து, புது டிஸ்க் ஒன்றைப் போட்டு, பதிவுகள் முழுவதையும் அதற்கு மாற்றினேன். சாயங்காலம் எல்லாம் சரியாக ஓடியது. வீட்டுக்குப் போய்விட்டேன். பேக்கப் எடுக்கும் இடத்தையும் புது டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும் என்பதை மறந்துபோனேன். மறுநாளிலிருந்து டேப்பில் ஏறியது பழைய டிஸ்க்கில் அப்படியே கிடந்த, யாருக்கும் பயன்படாத பழைய பதிவுகள்தான். புதிதாக வந்த ஒரு நோயாளியின் பெயர்கூட நகலில் சேரவில்லை.

இது எனக்கு அப்போது தெரியாது. அவளுக்குத்தான் முதலில் உறுத்தியது.

“சார், பேக்கப் சைஸ் தினமும் ஒரே மாதிரி இருக்குது. ஏறவே மாட்டேங்குது.”

நான் வேறு ஏதோ வேலையில் இருந்தேன். “சுருக்கி எடுக்குதுல்ல, அப்படித்தான் தெரியும்” என்றேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்டாள்.

“சார், ஒரு டேப்ப எடுத்து வேற ஒரு மிஷின்ல திருப்பிப் போட்டுப் பாத்தா என்னா சார்? உள்ள என்னா இருக்குதுன்னு தெரிஞ்சிடும்ல.”

“அடுத்த வாரம் பாக்கலாம்.”

அவள் சொன்னது சரி. ஆனால் அதற்கு இன்னொரு மெஷின் வேண்டும். பெரிய டாக்டரிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்டால், நாம் எடுக்கிற நகல் சரியானதுதானா என்று எனக்கே நிச்சயம் இல்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

மூன்றாவது தடவை அவள் கேட்டபோது மருந்துக் கடைப் பொறுப்பாளர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது.

“உன் வேல டேப்ப மாத்துறது. அத மட்டும் பாரு.”

“சரிங்க சார்” என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

2009 நவம்பரில் நல்ல மழை. கெடிலம் ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. ஒருநாள் காலை புற நோயாளிகள் வரிசையில் நிற்கும் நேரத்தில் கரண்ட் போய், வந்து, மறுபடி போய் வந்தது. யுபிஎஸ் பேட்டரி பழசு. சர்வர் அணைந்தது. மறுபடி போட்டபோது டிஸ்க்கிலிருந்து நகத்தால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. எழும்பவில்லை.

நான் பதறவில்லை. பெரிய டாக்டரிடம் போய், “டேப் இருக்கு சார். மத்தியானத்துக்குள்ள எல்லாம் வந்துடும்” என்றேன். கவுண்ட்டரில் தற்காலிகமாகக் காகிதத்தில் எழுதச் சொன்னேன். அவள் முந்தைய நாள் டேப்பை எடுத்து வந்தாள். வேலையில்லாமல் நின்ற கவுண்ட்டர் கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டு, பதிவுகளைத் திருப்பி ஏற்றினோம். ஏறி முடிந்தது. திறந்து பார்த்தேன்.

கடைசியாகப் பதிவான நோயாளி 2008 ஜூலையில் வந்தவர்.

முந்தின வாரத்து டேப்பைப் போட்டேன். அதிலும் 2008 ஜூலை. அதற்கு முந்தினதிலும் அப்படியே. நான் செய்ய மறந்தது என்ன என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். டேப்புகளைத் தேதி வரிசையில் மேஜைமேல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கெட்டுப்போன டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பினோம். முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினாறு மாதப் பதிவுகள் போயின. அதனால் யாரும் சாகவில்லை. ஆனால் தங்கள் நோயைத் தாங்களே ஞாபகம் வைத்துக்கொண்டு வந்து சொல்ல வேண்டிய நிலைமைக்கு ஜனங்கள் ஆளானார்கள். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு எல்லாப் பரிசோதனையும் திரும்ப எடுத்தார்கள். ஆலைத் தொழிலாளி ஒருவர் வராந்தாவில் நின்று சத்தம் போட்டார்: “என் கால்ல என்னா பிளேட் வச்சீங்கன்னு என்னையே கேக்குறீங்களே!” நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவள்தான் வெளியே போய் அவரிடம் பேசி, உட்கார வைத்து, எழுதிக்கொண்டு வந்தாள்.

டிஸ்க் திரும்பி வந்த மூன்றாம் நாள் விசாரணை என்றார்கள். அதற்கு முந்தின சாயங்காலம், அவள் கிளம்பிய பிறகு அந்த நீள நோட்டை அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டினேன். ஒவ்வொரு நாளும் தேதி, அளவு, அவளுடைய கையெழுத்து. அளவு ஒரே எண்தான், பக்கம் பக்கமாக. மூன்று இடங்களில் சிவப்பு மையில் ஒரு வரி: ‘அளவு மாறவில்லை. சாரிடம் சொல்லப்பட்டது.’ யாரையும் மாட்டிவிட எழுதிய மாதிரி இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் ஷிஃப்ட் மாறும்போது எழுதுவார்களே, அந்த மாதிரி எழுதியிருந்தாள்.

நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நிதானமாகப் படித்துப் பார்க்கத்தான் எடுத்துப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்போது என் மனைவி இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். இந்த வேலை போனால் கடலூரில் இன்னொன்று கிடைக்காது. இதையெல்லாம் இன்றைக்குக் காரணமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு மனதில் ஓடியது இதுதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

மறுநாள் பெரிய டாக்டர் அறையில் நாங்கள் மூன்று பேர்தான்.

“பேக்கப் யாரு பொறுப்பு?” என்று கேட்டார்.

“தினமும் எடுக்குறது அவங்க பொறுப்பு சார்” என்றேன். அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. இரவெல்லாம் யோசித்துச் செய்த வாக்கியம்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். “டேப்புல புதுசா ஒண்ணும் ஏறலன்னு நீ கவனிக்கலையாம்மா?”

“அளவு மாறலன்னு கவனிச்சேன் சார். மூணு வாட்டி சாருகிட்ட சொன்னேன். நோட்டுல எழுதியிருக்கேன் சார்.”

“எடுத்துட்டு வா.”

போனாள். அவள் திரும்பி வரும்வரை பெரிய டாக்டர் ஒரு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அலமாரில இல்ல சார்” என்றபடி வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். “நான் சொன்னேன்ல சார்?”

“அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல சார்” என்று பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவளிடம் சொல்லவில்லை.

அவளை ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தாள். அனுபவச் சான்றிதழ் கிடையாது என்றார்கள். மேஜை டிராயரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாவியை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

நான்கு நாள் கழித்து அவளுடைய அப்பா வந்தார். வாட்ச்மேன் வந்து சொன்னார். உள்ளே வரச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நானே போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

“வணக்கம் சார். ஒங்களாண்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“சொல்லுங்க.”

“சாருகிட்ட மூணு வாட்டி சொன்னேன்னு சொல்லுது புள்ள. நான் நம்பல. சாரு அப்படிப்பட்டவரு இல்ல, ஒன் தப்ப மறைக்க அவுரு மேல போடாதன்னு வைஞ்சிட்டேன். சோறு திங்க மாட்டேங்குது. மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்குது. அதான், நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா எனக்கும் மனசு ஆறும். எம்பொண்ணு சொல்லுச்சா, இல்லியா?”

அவர் என்னைச் சந்தேகப்பட்டு வந்திருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். தெரியவில்லை. சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

“சின்னப் பொண்ணுங்க. பயத்துல ஏதோ சொல்லியிருக்கும். அத ரொம்ப திட்டாதீங்க” என்றேன்.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார்.

“மன்னிச்சுடுங்க சார். எம்பொண்ணால ஆஸ்பத்திரிக்கு இவ்ளோ கஷ்டம். நோவுல வந்த ஜனங்களுக்கு எவ்ளோ அல்லாட்டம்.”

“பரவாயில்லைங்க” என்றேன்.

அவர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்ட மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டேன். ஞாபகம் இல்லை என்று சொன்னதையும் நோட்டை மறைத்ததையும்விட அதுதான் இன்றுவரை என்னால் தாங்க முடியாமல் இருப்பது.

அதற்குப் பிறகு நான் நல்ல ஐ.டி. மேனேஜர் ஆனேன். அவள் கேட்ட இன்னொரு மெஷினைப் பெரிய டாக்டர் ஒரே வார்த்தையில் வாங்கிக் கொடுத்தார். மாதம் ஒரு தடவை நகலைத் திருப்பி ஏற்றிப் பார்ப்பதைப் பழக்கமாக்கினேன். ஏற்றிய பதிவுகளிலிருந்து ஏதாவது பத்து நோயாளிகளின் எண்ணை எடுத்து, அந்த நஷ்டத்துக்குப் பிறகு எல்லோருக்கும் வைக்கத் தொடங்கிய காகித ஃபைலோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்ப்பேன். எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சிதம்பரத்தில் ஒரு சின்ன கிளினிக் இருந்தது. நகலின் இன்னொரு பிரதியை ஒரு டிஸ்க்கில் எடுத்து, வாரம் ஒரு தடவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் அங்கே வைத்துவிட்டு வருவேன். என் கீழே வேலை செய்தவர்கள் ஏதாவது சொல்ல வந்தால், கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். பொறுமைசாலி என்று பெயர் வாங்கினேன். இதில் எதையும் நான் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. அவளை வெளியே தள்ளிக் கற்றுக்கொண்டேன்.

2011 முடியும் நேரத்தில் புயல் வந்தது. கடலூரில் நிமிர்ந்து நின்ற மரத்தை எண்ணிவிடலாம். பல நாட்களுக்குக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரி ஓடியது. கை கால் முறிந்து வந்த அத்தனை பேருடைய பழைய விவரமும் உடனே கிடைத்தது. பொங்கல் முடிந்து நடந்த ஊழியர் கூட்டத்தில் பெரிய டாக்டர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். “ஒரு பதிவுகூடப் போகல” என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்த மாதம், வழக்கம்போல நகலைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பத்து எண்களில் ஏழாவதைத் திறந்தேன். துறைமுகத்துக்குத் தெற்கே உள்ள அந்தக் கிராமத்தின் பெயர். தொழில் மீன்பிடி. முந்தின ஆகஸ்டில் நெஞ்சுவலி என்று சேர்ந்திருக்கிறார். மூன்றாம் நாள் இறந்திருக்கிறார். உறவினர் என்ற இடத்தில் மகள் என்று போட்டு அவளுடைய பெயரும் சிதம்பரம் விலாசமும் இருந்தன.

பதிவு அறைக்குப் போய்க் காகித ஃபைலை எடுத்துவந்தேன். உடலைப் பெற்றுக்கொண்டதாக அவள் போட்ட கையெழுத்து இருந்தது. அந்த நோட்டில் ஒவ்வொரு நாளும் பார்த்த அதே கையெழுத்து. மூன்று நாளும் அவள் இந்தக் கட்டடத்தில்தான் இருந்திருக்கிறாள். மாடி வார்டுக்குப் போக என் அறைக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். எத்தனை தடவை ஏறி இறங்கினாளோ.

ஒத்துப் பார்க்க மீதி மூன்று எண்கள் இருந்தன. பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை வீட்டு அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய டாக்டர் மேஜைமேல் வைத்தேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அவர் சிவப்பு வரிகளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா உங்கள வேலைய விட்டு எடுத்திருப்பேன்” என்றார். நோட்டை மூடிவிட்டு, “இப்ப எடுத்து என்ன ஆவப் போவுது? அந்தப் பொண்ணக் கூப்பிடுங்க. வேல போட்டுக் குடுக்கலாம்” என்றார்.

வேலை ஆணையை வாங்கிக்கொண்டு அந்த வாரமே சிதம்பரம் போனேன். விலாசத்தில் இருந்த அத்தை, அவள் மேலவீதியில் ஒரு ஜவுளிக் கடையில் இருப்பதாகச் சொன்னார். சுடிதார் பிரிவில் நின்றிருந்தாள். கடைச் சீருடைப் புடவை. வாடிக்கையாளர் கலைத்துப் போட்டதை மடித்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. மேற்பார்வையாளரிடம் ஏதோ சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

“வாங்க சார். நல்லா இருக்கீங்களா?”

சொல்ல வேண்டியதை பஸ்ஸில் வரும்போதே பல தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனால் நோட்டை நான்தான் எடுத்தேன் என்று மட்டும் சொன்னேன்.

“தெரியும் சார்” என்றாள். “அலமாரி சாவி ஒங்ககிட்டயும் என்கிட்டயும்தான இருந்துச்சு.”

ஆணையை நீட்டினேன். வாங்கிப் படித்துப் பார்த்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“அங்க வர முடியாது சார். அந்த மாடிப்படி ஏற முடியாது என்னால.”

“வேற என்ன செய்யணும்னு சொல்லும்மா. எதுவானாலும் செய்றேன்.”

அவள் வீதியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“எங்கப்பா கடைசி வரைக்கும் நீங்க சொன்னதத்தான் சார் நம்புனாரு. என்னை வெறுக்கல. மன்னிச்சிட்டேன்னு சொன்னாரு. எல்லாராண்டயும், புள்ள தெரியாம பண்ணிடுச்சு, விட்டுடுங்கன்னு எனக்காகப் பேசுனாரு. அதத்தான் என்னால தாங்க முடியல சார். ஆஸ்பத்திரில கடைசி நாளு, மூச்சு வாங்கும்போது என்னாண்ட சொன்னாரு. இதே எடத்துலதான நீ வேல பாத்த, பெரிய எடத்து வேலய விட்டுட்டியேம்மான்னு.”

கடைக்குள் போன ஒருவருக்கு வழிவிட்டுவிட்டு அவளே தொடர்ந்தாள்.

“அப்பவே கீழ எறங்கி வந்து ஒங்க கதவத் தட்டலாம்னு நெனச்சேன். மேல வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க சார்னு கேக்கலாம்னு. அதுக்குள்ள நர்சம்மா கூப்புட்டுட்டாங்க.”

நான் அன்று அறையில்தான் இருந்திருப்பேன். கதவைத் தட்டியிருந்தால் திறந்திருப்பேன். ஆனால் மேலே போயிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அவளிடமும் அதை அப்படியே சொன்னேன். தலையை ஆட்டினாள்.

இரண்டு விஷயம் கேட்டாள். செய்த வேலைக்கு அனுபவச் சான்றிதழ் ஒன்று. அது இல்லாமல் கம்ப்யூட்டர் வேலைக்கு எங்கே போனாலும், அந்த மூன்று வருஷம் எங்கே இருந்தாய் என்று கேட்கிறார்களாம். இன்னொன்று, அவள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

சான்றிதழைப் பெரிய டாக்டரே தன் கையால் எழுதி, டைப் செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊருக்குப் போனேன். சுனாமிக்குப் பிறகு கடலைவிட்டுத் தள்ளிக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று. புயலில் போன ஓட்டுக்குப் பதில் பாதிக் கூரையில் நீலப் படுதா போட்டிருந்தார்கள். அம்மா, அப்பாவின் தம்பி, அவள், மூவரும் இருந்தார்கள். நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை.

தப்பு என்னுடையது, உங்கள் பெண் மூன்று தடவை என்னிடம் சொன்னாள், அவள் எழுதி வைத்த நோட்டை நான் மறைத்தேன், அவருடைய முகத்துக்கு நேரே பொய் சொன்னேன் என்று சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா தரையில் உட்கார்ந்தபடி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“நான் புள்ளயத்தான் நம்புனேன் சார்” என்றார். “ராத்திரி பகலா அதச் சொல்லி அந்த மனுசனாண்ட சண்ட போட்டேன். படிச்சவரு எதுக்குடி பொய் சொல்லப் போறாருன்னு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியல.”

சான்றிதழை நீட்டினேன். அவள் வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் ஃபைலில் வைத்தாள்.

“நாலு மணி பஸ் போயிடும் சார். கெளம்புங்க” என்றாள்.

அந்த வருஷ முடிவில் நான் அந்த வேலையை விட்டேன். பெரிய டாக்டர் இருக்கச் சொன்னார். முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். பரங்கிப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்துவிட்டதாகச் சிதம்பரம் கிளினிக்கில் இருந்த நர்ஸ் சொன்னார். போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. போகவில்லை.